யஹ்யா நபியும் யோவான் ஸ்நானனும்: ஜகரிய்யா ஏன் மூன்று இரவுகள் பேசவில்லை?

கேள்வி (குன்னூர்வாசி):

எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவரின் பேரனுக்குச் சென்ற வாரம் முடி இறக்கி, குழந்தை பிறந்ததற்காக ஆடு அறுத்துப் பங்கிடும் அகீகா கொடுத்து, யஹ்யா என்று பெயர் வைத்தார்கள். பிரியாணித் தூக்கைக் கொண்டுவந்து கொடுத்த பெரியவர், "இது உங்க யோவான் பேருதான், டீச்சரம்மா" என்றார். யஹ்யா நபியின் தகப்பனாரான ஜகரிய்யா நபி மூன்று இரவுகள் மனிதர்களோடு பேசாமல் இருந்தார் என்றும் சொன்னார். நான் சிறு வயது முதல் கோவிலில் கேட்டு வளர்ந்தது வேறு: பிள்ளை பிறக்கும் என்று தூதன் சொன்னதை நம்பாததால் சகரியா (ஜகரிய்யாவை நாங்கள் சொல்லும் பெயர்) ஊமையானார், பிள்ளை பிறந்து எட்டாம் நாளில், பெயர் யோவான் என்று பலகையில் எழுதிய பிறகே அவர் நாவு கட்டவிழ்ந்தது. குர்ஆன் அவரைக் குற்றப்படுத்தவில்லையா? யஹ்யா ஞானஸ்நானம் கொடுத்ததாக அதில் உண்டா? வாதிடுவதற்காகக் கேட்கவில்லை, பெரியவரிடம் மறுபடி பேசுமுன் சரியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் 1 (உதகையிலிருந்து):

சகோதரி அவர்களுக்கு, குர்ஆனில் யஹ்யா (அலை) அவர்களின் பெயர் 5 இடங்களில் வருகிறது. விரிவான வரலாறு 19ஆம் அத்தியாயமான மர்யமின் தொடக்கத்தில் இருக்கிறது. அது வானவரின் வருகையோடு தொடங்கவில்லை. எலும்புகள் தளர்ந்து, தலை தீப்பற்றியது போல் நரைத்துவிட்ட ஒரு முதியவர், யாருக்கும் கேட்காத தாழ்ந்த குரலில் தம் இறைவனிடம் ஒரு வாரிசைக் கேட்பதோடு தொடங்குகிறது. நற்செய்தி வந்ததும் அவரும் "எப்படி?" என்றுதான் வியக்கிறார். பிறகு ஓர் அத்தாட்சி வேண்டுகிறார்; உடலில் குறை ஏதும் இல்லாத நிலையிலேயே மூன்று இரவுகள் மக்களோடு பேசமாட்டீர் என்பதே அவருக்குக் கிடைத்த அத்தாட்சி (19:10). ஆகவே அந்த மௌனம் அவர் கேட்டுப் பெற்றது. பழைய குர்ஆன் விரிவுரையாளர்களில் சிலர் அதில் ஒரு கண்டிப்பைக் கண்டதுண்டு. ஆனால் 3:41இல், அதே நாட்களில் இறைவனை அதிகமாக நினைவுகூர்ந்து காலையும் மாலையும் துதிக்கும்படி அவருக்குச் சொல்லப்படுவதால், அதைத் தண்டனையாக என்னால் வாசிக்க இயலவில்லை. அவருடைய நாவு மனிதர்களுக்குத்தான் அடைபட்டது.

ஞானஸ்நானம் பற்றிக் குர்ஆனில் எதுவும் இல்லை. ஆனால் யஹ்யா "அல்லாஹ்விடமிருந்து வரும் ஒரு வார்த்தையை" உண்மைப்படுத்துபவர் என்று 3:39 கூறுகிறது. அந்த வார்த்தை ஈஸா (அலை) அவர்களையே, அதாவது இயேசுவையே, குறிக்கிறது என்பது விரிவுரையாளர்களில் பெரும்பாலோரின் கருத்து.

பதில் 2 (கோத்தகிரியிலிருந்து):

நான் கத்தோலிக்கன். ஆண்டுதோறும் ஜூன் 24 அன்று திருமுழுக்கு யோவானின் பிறப்பு விழாவில், அவருக்குப் பெயரிட்ட பகுதியை லூக்கா நற்செய்தியிலிருந்து கேட்கிறோம். லூக்காவில் ஆலயத்திலிருந்து வெளியே வரும் செக்கரியா மக்களுக்குச் சைகை காட்டுகிறார். குர்ஆனிலும் அவர் மிஹ்ராப் என்னும் தொழுமிடத்திலிருந்து வெளியே வந்து, காலையும் மாலையும் துதியுங்கள் என்று சைகையாலேயே உணர்த்துகிறார் (19:11). காரணம் வேறாக இருந்தும் அந்தக் கை இரண்டு வேதங்களிலும் அசைகிறது என்பதை முதலில் வாசித்தபோது வெகுநேரம் புத்தகத்தை மூடாமல் இருந்தேன்.

யோவான் என்றதும் ஒட்டக மயிராடையும், வெட்டுக்கிளியும், "விரியன் பாம்புக் குட்டிகளே" என்ற அதட்டலுமே நமக்கு நினைவுக்கு வரும். குர்ஆன் காட்டுவதோ சிறு வயதிலேயே ஞானம் பெற்று, பெற்றோருக்கு நன்மை செய்து, இறைவன் அருளிய கனிவோடு வாழ்ந்த பிள்ளையை. அந்தக் கனிவைக் குறிக்கும் 'ஹனான்' என்ற அரபுச் சொல் குர்ஆனில் அந்த ஓரிடத்தில் (19:13) மட்டுமே வருகிறது. யோவானின் எபிரேயப் பெயரான யோஹனானிலும் அருளைக் குறிக்கும் அதே வேர் இருக்கிறது. வேறுபாட்டை மறைக்கவும் கூடாது: எங்களுக்கு அவர் இயேசுவைக் கடவுளின் ஆட்டுக்குட்டி என்று சுட்டிக்காட்டியவர், இஸ்லாம் அதை ஏற்பதில்லை.

பதில் 3 (கூடலூரிலிருந்து):

யஹ்யாவின் கொலையைக் குர்ஆன் விவரிக்கவில்லை. இஸ்லாமிய மரபுச் செய்திகளில் அது உண்டு. டமாஸ்கஸின் உமையா பள்ளிவாசலுக்குள் அவருடைய தலை அடக்கம் செய்யப்பட்டதாக நம்பப்படும் இடம் இருக்கிறது. 2001ஆம் ஆண்டில் போப் இரண்டாம் ஜான் பால் அந்தப் பள்ளிவாசலுக்கு வந்தார். மிஃராஜ் என்னும் விண்ணேற்றப் பயணத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரண்டாம் வானத்தில் ஈஸாவையும் யஹ்யாவையும் ஒன்றாகச் சந்தித்தார்கள் என்று நபிமொழியான ஹதீஸில் வருகிறது. பிறந்த நாளிலும், மரிக்கும் நாளிலும், உயிரோடு எழுப்பப்படும் நாளிலும் யஹ்யாவின் மீது சாந்தி உண்டு என்று 19:15 கூறும் வாழ்த்தை, 19:33இல் ஈஸா தொட்டிலிலிருந்தே தமக்காகச் சொல்கிறார்.

குன்னூர்வாசி:

மூவருக்கும் என் நன்றி. நேற்று மாலை லூக்கா முதல் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் குர்ஆனை மரப்பலகையில் விரித்து மர்யம் அத்தியாயத்தை ஓதிப் பொருள் சொன்னார். பிறகு என்னை வாசிக்கச் சொன்னார். சகரியா சைகை காட்டும் வசனத்தை மட்டும் இன்னொரு முறை கேட்டார். தொட்டிலில் யஹ்யா தூங்கிக்கொண்டிருந்ததால் தாழ்ந்த குரலிலேயே வாசித்தேன்.