‘சானிட்டரி டிரிம்’: கவட்டுமுடிக் குறைப்பு எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

நீள்முடி நாய், பூனைகளுக்கு வாலுக்குக் கீழேயும் பின்னங்கால்களுக்கு நடுவிலும் முடியை ஒட்ட வெட்டிவிடுகிறோமே, அந்த ‘சானிட்டரி டிரிம்’முக்கு நம் கலைச்சொல் பட்டியலுக்காக இதுவரை வந்த தமிழ்ச்சொற்களைப் பார்த்தேன். ‘தூய்மைக் குறைப்பு’ படித்தவுடனே தூய்மையைத்தான் குறைக்கிறோம் என்று பொருள்படுகிறது. ‘வாலடிக் குறைப்பு’ என்றால் வாலை நறுக்குவதாக நினைத்துவிடுவார்கள். இரண்டும் வேண்டாம்.

எனக்குப் பெரிய கவலை ‘சுகாதார மழிப்பு’ மேல்தான். மழித்தல் என்றால் தோல் தெரிய வழித்தெடுப்பது. இந்த வேலையில் அப்படிச் செய்யவே கூடாது. 10-ஆம் எண் பிளேடு போட்ட கிளிப்பர் (முடிவெட்டும் இயந்திரம்) ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். அந்த மிச்சமும் போய்விட்டால் தோல் சிவந்து எரியும். பிராணி அதையே நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். நாம் கொடுத்த சொல்லைப் பார்த்து யாரும் சவரக்கத்தியை எடுத்துவிடக் கூடாது.

‘கத்தரிப்பு’ என்றும் ஒரு யோசனை வந்தது. எங்கள் பாரசீகப் பூனைக்கு ஒருமுறை நானே கத்தரிக்கோலால் செய்தேன். தொடை இடுக்கில் சடை பிடித்திருந்தது. விரலால் சடையை இழுத்தபோது தோலும் கூடவே கூடாரம் போல எழும்பி வந்திருக்கிறது; எது முடி, எது தோல் என்று எனக்குத் தெரியவில்லை. கத்தரி பட்ட இடம் நகத்தளவு திறந்துகொண்டது. மருத்துவர் இரண்டு தையல் போட்டார். பூனையின் தோல் அவ்வளவு மெல்லியது. அதனால் அந்தக் கருவியைச் சொல்லுக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘குறைப்பு’ போதும். “முடியைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்” என்று எல்லோரும் சொல்வதுதானே.

சரி, எந்த முடியை? இதற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: கவடு. இரண்டு கால்கள் பிரியும் இடம். கிளை பிரியும் இடமும் கவடுதான். உண்டிவில்லுக்கு ஒடிக்கும் கவட்டைக்கம்பு நினைவுக்கு வரும். ஆசனவாய், பிறப்புறுப்பு, உள்தொடை எல்லாம் அதில் அடங்கிவிடுகின்றன, வாய்விட்டுச் சொல்லக் கூச்சமும் இல்லை. ஆகவே ‘கவட்டுமுடிக் குறைப்பு’ என்று முன்மொழிகிறேன். ஆண் நாயின் அடிவயிற்று முடியையும் இதிலேயே சேர்க்கலாம். பாதத்தின் அடியில் வளர்வதைப் ‘பாதமுடி’ என்று தனியாக வைத்துக்கொள்வோம்.

‘சுகாதாரம்’ விடுபடுகிறதே என்று கேட்கலாம். அதை விளக்கத்தில் அழுத்தமாகவே எழுதுவோம். மலம் முடியில் ஒட்டிக் காய்ந்து ஆசனவாயையே அடைத்துவிடுவது உண்டு. பிராணி முக்கும், வீட்டில் மலச்சிக்கல் என்று மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சிறுநீரில் ஊறிய தோல் வெந்துபோகும். ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும், முயலுக்கு அது உயிருக்கே ஆபத்து. செம்மறி வளர்ப்பவர்கள் வால் பக்கக் கம்பளியை அவ்வப்போது எடுத்துவிடுவதும் இந்த ஈக்குப் பயந்துதான். உடல் பெருத்த பூனைக்கும் வயதான பூனைக்கும் அந்த இடம் நாக்குக்கு எட்டாது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. நம் கலைச்சொல் பட்டியலில் ‘சிக்கு’, ‘சடை’ இரண்டும் ஒரே பொருளில் இருக்கின்றன. சீப்பால் கோதினால் பிரிவது சிக்கு. கோதினாலும் பிரியாமல் கம்பளம் போல இறுகியது சடை. சடையைக் குளிப்பாட்டுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், நனைந்தால் இன்னும் இறுகும். இரண்டையும் தனித்தனிப் பதிவாக்கிவிடலாமா?