வென்டிலேட்டரில் இருப்பவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைப்பது: பிபி எண்ணை நம்பலாமா?

கேள்வி:
வாய்வழி மூச்சு டியூப், கையில் ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் இருந்து பிபி காட்டும் குழாய்), கழுத்தில் சென்ட்ரல் லைன் (பெரிய சிரைக்குள் மருந்து போகும் குழாய்). கூப்பிட்டால் கண் திறக்கிறார், சொன்னதைச் செய்கிறார். எஃப்ஐஓ2 (கொடுக்கும் காற்றில் ஆக்சிஜன் பங்கு) 50%, பீப் (மூச்சு விட்ட முடிவில் நுரையீரலில் நிறுத்தும் அழுத்தம்) 8, நார்அட்ரினலின் (பிபியை ஏற்றும் மருந்து) குறைந்த அளவில் மாறாமல் ஓடுகிறது. கால் தொங்கவிட்டு உட்கார வைக்கலாமா? பிபி நிஜமாகவே சரிந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1:
எண்கள் இடம் கொடுக்கின்றன. எஃப்ஐஓ2 60-க்குள், பீப் 10-க்குள், எஸ்பிஓ2 (விரலில் பார்க்கும் ஆக்சிஜன் அளவு) 90-க்குக் குறையாமல், மூச்சு நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் பொதுவாகத் தொடங்கலாம். நார்அட்ரினலின் டோஸ் ஏறிக்கொண்டே போனால் தள்ளிப்போடுங்கள். டாக்டருக்கும் பிசியோவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று பேர் வேண்டும். ஒருவருக்கு டியூபைப் பிடிப்பது மட்டுமே வேலை. அவர் வேறெதையும் தொடக்கூடாது. உதட்டோரம் டியூபில் எத்தனை சென்டிமீட்டர் என்று முன்னும் பின்னும் பாருங்கள். வென்டிலேட்டர் இருக்கும் பக்கமாகவே இறக்குங்கள். யூரின் பையை முதலில் அதே பக்கம் மாற்றி, கீழே மாட்டுங்கள். எதிர்ப்பக்கம் தொங்கவிட்டபடி ஆளைத் திருப்பினால் கதீட்டர் இழுபடும், அடிக்கடி நடப்பதுதான்.

பதில் 2:
பிபி விஷயத்துக்கு வருகிறேன். டிரான்ஸ்டியூசர் (ஆர்ட்டீரியல் லைனின் அழுத்தத்தை அளக்கும் கருவி) ஸ்டாண்டில் இருந்தால், உட்கார்ந்ததும் இதயம் மேலே போகும், அது மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். 10 செ.மீ. தாழ்ந்திருந்தால் பிபியைச் சுமார் 7.5 மி.மீ. பாதரசம் கூட்டிக் காட்டும். பிபி விழுந்த பிறகும் மானிட்டர் நன்றாக இருப்பதாகவே சொல்லும். நான்காம் விலா இடைவெளி, நெஞ்சின் பக்கவாட்டு நடுப்பகுதி: அந்த மட்டத்துக்கு டிரான்ஸ்டியூசரை ஏற்றிவிட்டுப் படியுங்கள். மணிக்கட்டு மடங்கி மானிட்டரில் பிபி அலை தட்டையானால் அந்த எண்ணும் பொய்தான். கையில் பிபி கஃப் போட்டு ஒத்துப்பாருங்கள்.

பதில் 3:
ஒரு திருத்தம். கால் தொங்கக் கூடாது, பாதம் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். இல்லையென்றால் ஆள் முன்னால் வழுக்குவார். ஏர் மெத்தை என்றால் கெட்டியான நிலைக்கு மாற்றுங்கள், ஓரம் அமுங்கிவிடும். முதலில் தலைமாட்டை 60 டிகிரி உயர்த்திச் சில நிமிடம் பொறுங்கள். எஸ்பிஓ2 88-க்குக் கீழ் போனாலோ, வியர்த்தாலோ, கண் சொருகினாலோ உடனே படுக்க வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நிற்க வைப்பது எப்போது?

பதில் 3:
படுத்தபடி காலை நேராகத் தூக்கிச் சில விநாடி நிறுத்த முடியாவிட்டால் இன்று வேண்டாம். நிமிடக் கணக்கைத் துரத்தாதீர்கள்: வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் நடந்து 2022-இல் வெளியான டீம் (TEAM) ஆய்வில், வழக்கத்தைவிடக் கூடுதலாக அசைய வைத்ததால் பலன் கூடவில்லை, பாதகமான நிகழ்வுகள்தான் கூடின.