கியூபேசிக்: அம்பு விசையை அழுத்திப் பிடித்தால் மட்டை தயங்கித் தயங்கி நகர்வது ஏன்?

கேள்வி

வணக்கம். டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்) கியூபேசிக் 1.1 என்ற நிரல்மொழியை ஓடவிட்டு, பந்தை மட்டையால் தடுத்துச் செங்கற்களை உடைக்கும் பழைய பாணி விளையாட்டு ஒன்றை ஸ்கிரீன் 13 என்ற வரைகலைத் திரைமுறையில் எழுதி வருகிறேன். பந்தின் ஓட்டம், மோதல், மதிப்பெண் ஆகியவை ஒழுங்காக வேலை செய்கின்றன. மட்டையைக் கட்டுப்படுத்தும் பகுதிதான் சரியாக அமையவில்லை.

ஒவ்வொரு சுற்றிலும் இன்கீ$ என்ற சார்பு மூலம் ஒரு விசையைப் படித்து, கிடைத்த சரத்தின் (எழுத்துத் தொடரின்) கடைசி எழுத்து 'கே' என்றால் மட்டையை இடப்பக்கமும், 'எம்' என்றால் வலப்பக்கமும் நகர்த்துகிறேன். இடது அம்பை அழுத்திப் பிடித்தால் மட்டை ஒரு படி நகர்ந்து அப்படியே நின்றுவிடுகிறது. ஏறத்தாழ அரை வினாடி கழித்துத்தான் தொடர்ந்து ஓடத் தொடங்குகிறது. திரையில் வேலை அதிகமாகிச் சுற்று மெதுவாகும்போது, விரலை எடுத்த பிறகும் மட்டை சிறிது தூரம் தானாகவே போகிறது. கேப்ஸ் லாக் போட்டிருக்கையில் கே என்ற எழுத்து விசையை அழுத்தினாலும் மட்டை நகர்கிறது. இடது அம்பைப் பிடித்தபடியே ஸ்பேஸ் பாரை அழுத்திச் சுட முயன்றால் மட்டை நின்றுபோகிறது. இவை தனித்தனிப் பிழைகளா, அல்லது எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் உண்டா என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

கே எழுத்துச் சிக்கல் தனியானது. மற்ற மூன்றும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. தனியானதை முதலில் முடித்துவிடுவோம். அம்பு விசைகள், செயல் விசைகள் போன்றவற்றுக்கு ஆஸ்கி எண் (எழுத்துகளுக்குரிய பொதுவான எண்) கிடையாது என்பதால், இன்கீ$ அவற்றை இரண்டு எழுத்துள்ள சரமாகத் தருகிறது: முதல் எழுத்தின் மதிப்பு 0, இரண்டாவது எழுத்தின் மதிப்பு அந்த விசையின் ஸ்கேன் கோடு, அதாவது விசைப்பலகையில் அந்த விசைக்கு உரிய எண். மேல் அம்பு 72, இடது 75, வலது 77, கீழ் 80. எஃப்1 முதல் எஃப்10 வரை 59 முதல் 68 வரை. ஆஸ்கியில் 75 என்பது பெரிய எழுத்து கே. நீங்கள் கடைசி எழுத்தை மட்டும் பார்ப்பதால் இரண்டும் உங்கள் நிரலுக்கு ஒன்றாகிவிடுகின்றன. சரத்தின் நீளம் 2 தானா என்பதை முதலில் சோதித்து, அதன் பிறகே இரண்டாம் எழுத்தைப் பாருங்கள்.

இனி முதன்மையான சிக்கல். இன்கீ$ ஒரு விசை இப்போது அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. விசைப்பலகையிலிருந்து வந்த எழுத்துகளை பயாஸ் (கணினியின் அடிப்படை உள்மென்பொருள்) பஃபர் என்ற ஒரு சிறிய வரிசையில் அடுக்கி வைக்கிறது; இன்கீ$ அந்த வரிசையின் முன்னாலிருந்து ஒன்றை எடுத்துத் தருகிறது, வரிசை காலியாக இருந்தால் வெற்றுச் சரத்தைத் தருகிறது. நீங்கள் விசையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது தொடர்ந்து எழுத்துகளை அனுப்புவது விசைப்பலகையின் வேலை: ஐபிஎம் ஏடி வகை விசைப்பலகை வழக்கமான அமைப்பில் முதல் எழுத்தை அனுப்பியபின் 500 மில்லி வினாடி காத்திருந்து, பிறகு வினாடிக்கு ஏறத்தாழ 11 முறை அதையே திரும்ப அனுப்பும். தட்டச்சு செய்பவருக்கு, விரல் சற்றுத் தங்கினால் ஓர் எழுத்து இரண்டாகிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த அரை வினாடியைத்தான் உங்கள் மட்டை நிற்பதாகக் காண்கிறீர்கள்.

விரலை எடுத்த பிறகும் மட்டை ஓடுவதற்குக் காரணம், பஃபரில் 15 விசைகள் வரை சேர்ந்து நிற்கக்கூடும் என்பதும், உங்கள் சுற்று அவற்றை ஒவ்வொன்றாகவே எடுக்கிறது என்பதும்தான். ஒரு சுற்றில் ஒரு முறை மட்டும் இன்கீ$ வாசிக்காமல், வெற்றுச் சரம் வரும்வரை ஓர் உள் சுற்றில் வாசித்துக்கொண்டே போய், கடைசியாகக் கிடைத்த வெற்றில்லாத சரத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அது தீர்ந்துவிடும். ஸ்பேஸ் பாரை அழுத்தியதும் மட்டை நிற்பதும் இதே கதைதான். கடைசியாக அழுத்திய விசை மட்டுமே திரும்பத் திரும்ப வரும், முன்னதன் வரவு நின்றுவிடும்.

ஆனால் அரை வினாடித் தயக்கத்தை இன்கீ$ கொண்டு முழுமையாகப் போக்க முடியாது. டாஸின் மோட் கட்டளையில் ரேட்=32, டிலே=1 என்று கொடுத்தால் தயக்கம் கால் வினாடியாகக் குறையும்; அதற்குக் கீழே போகாது. மைக்ரோசாஃப்ட் கியூபேசிக்குடன் தந்த நிப்பிள்ஸ் விளையாட்டில் இந்தக் குறையே தெரிவதில்லை, ஏனென்றால் அதில் பாம்பு ஒருமுறை திரும்பினால் அடுத்த விசை வரும்வரை அத்திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். இன்கீ$ எதைத் தருமோ அதற்கேற்ற விளையாட்டு அது. உங்களுடையது அப்படி அன்று.

மறுமொழி 2

மேலே சொன்னது முழுவதும் சரி. மட்டை விளையாட்டுக்கு வேண்டியது விசையின் நிலை. அதை 96-ஆம் போர்ட்டில் (சாதனங்களிலிருந்து தரவு வரும் வாயில்) நேரடியாகப் படிக்கலாம். ஐஎன்பி(96) என்று கேட்டால், விசைப்பலகை கடைசியாக அனுப்பிய பைட் கிடைக்கும். விசை அழுத்தப்பட்டால் அதன் ஸ்கேன் கோடு வரும். விடுபட்டால் அதே எண்ணுடன் 128 கூட்டிய மதிப்பு வரும். எனவே 0 முதல் 127 வரை இடமுள்ள ஓர் அணியை (எண்களின் பட்டியலை) வைத்துக்கொள்ளுங்கள். படித்த எண் 128-க்குக் குறைவென்றால் அணியில் அந்த இடத்தில் 1 எழுதுங்கள், இல்லையென்றால் 128-ஐக் கழித்துக் கிடைக்கும் இடத்தில் 0 எழுதுங்கள். பிறகு விளையாட்டின் மற்ற பகுதிகள் அணியை மட்டுமே பார்க்க வேண்டும்: 75-ஆம் இடம் 1 என்றால் இடப்பக்கம், 77 என்றால் வலப்பக்கம், 57 என்றால் ஸ்பேஸ் பார். தனி அம்பு விசைகள் தம் எண்ணுக்கு முன்னால் 224 என்ற முன்னொட்டை அனுப்பும். அது அணியின் 96-ஆம் இடத்தில் 0 எழுதுமே தவிர வேறு தீங்கு செய்யாது.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். போர்ட்டை நீங்கள் படித்தாலும், பயாஸ் தன் வழக்கப்படி பஃபரை நிரப்பிக்கொண்டேதான் இருக்கும். அது நிரம்பியதும் ஒவ்வொரு விசைக்கும் 'பீப்' என்று ஒலிக்கும். ஆகவே சுற்றுக்கு ஒருமுறை பஃபரைக் காலி செய்ய வேண்டும். இன்கீ$-ஐ வெற்றுச் சரம் வரும்வரை வாசிக்கலாம், அல்லது டெஃப் செக் = 0 என்று வைத்து, நினைவகத்தின் 1052-ஆம் முகவரியில் உள்ள மதிப்பை 1050-இல் போக் செய்யலாம் (எழுதலாம்). முதலாவது பஃபரின் வால், இரண்டாவது தலை. இரண்டும் ஒன்றானால் பஃபர் காலி என்று பொருள். நான் பரிந்துரைப்பது இன்கீ$ முறையை. நினைவகத்தில் கை வைப்பதால் இங்கே கிடைக்கும் கூடுதல் பயன் எதுவும் இல்லை.

மற்றது நேரம் பற்றியது. போர்ட்டில் கடைசி பைட் மட்டுமே இருக்கும் என்பதால், இரண்டு விசைகள் ஒரே சமயத்தில் விடுபட்டு, நீங்கள் அவற்றுக்கு இடையில் படிக்காவிட்டால், ஒரு விசை அணியில் அழுத்தப்பட்டதாகவே சிக்கிக்கொள்ளும். ஸ்கிரீன் 13-இல் திரை வினாடிக்கு 70 முறை புதுப்பிக்கப்படுகிறது. வெயிட் 986, 8 என்று எழுதித் திரையின் செங்குத்துத் திரும்பலுக்காக (ஒரு படம் வரைந்து முடித்து மீண்டும் மேலே திரும்பும் கணத்துக்காக)க் காத்திருக்கிறீர்கள் என்றால், அந்தக் காத்திருப்பின் 14 மில்லி வினாடியும் நிரல் குருடாக இருக்கிறது. வெயிட்டை எடுத்துவிட்டு, 986-ஆம் போர்ட்டையும் 96-ஆம் போர்ட்டையும் ஒரே உள் சுற்றில் மாறி மாறிப் படிப்பது மேல். உண்மையான பழைய கணினியில் ஓட்டும்போது 'நம் லாக்' (எண் பூட்டு விசை) எரிந்துகொண்டிருந்தால் இந்தத் தொல்லை பெருகும்: தனி அம்பு விசையை விடும்போது அதன் எண்ணுக்குப் பின்னால் 224, 170 என்ற போலி ஷிஃப்ட் குறியும் வந்து, போர்ட்டில் 170-தான் எஞ்சி நிற்கும். விளையாட்டைத் தொடங்குமுன் 'நம் லாக்'கை அணைத்துவிடுவது நல்லது.

மறுமொழி 3

இன்கீ$ எல்லா இயந்திரங்களிலும் இப்படித்தான் நடக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பழைய இதழ்களில் அச்சான நிரல்களைக் கியூபேசிக்குக்கு மாற்றுகிறவர்கள் இடறுவது இங்கேதான்.

1982-இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியிலும் இன்கீ$ உண்டு. ஆனால் அது எந்த வரிசையிலும் இருந்து எடுப்பதில்லை, கேட்ட அந்தக் கணத்தில் விசைப்பலகையைப் பார்த்துச் சொல்கிறது. ஆகவே தயக்கமும் இல்லை, தேங்கிய விசைகளும் இல்லை. பதிலுக்கு வேறொரு விலை உண்டு: ஷிஃப்ட் அல்லாத இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வெற்றுச் சரம்தான் கிடைக்கும். அதனால்தான் ஸ்பெக்ட்ரம் நிரல்களில் விசைப்பலகையை நேரடியாகப் படிக்கும் 'இன் 57342' போன்ற வரிகளைக் காண்கிறோம். 40 விசைகளும் ஐந்தைந்தாக எட்டு அரை வரிசைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அந்த எண் பி முதல் ஒய் வரையிலான அரை வரிசையைக் குறிக்கிறது. அழுத்திய விசையின் பிட் 0 ஆகும், விட்டால் 1. எதையும் அழுத்தாதபோது கிடைக்கும் எண், இயந்திரத்தின் பதிப்பைப் பொறுத்து 255 அல்லது 191 என்று மாறும் என்பதால், எண்ணை முழுதாக ஒப்பிட்ட நிரல்கள் சில இயந்திரங்களில் ஓடி, சிலவற்றில் ஓடவில்லை.

கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினியில் கெட் என்ற கட்டளை 10 விசைகள் கொள்ளும் பஃபரிலிருந்து எடுத்தது. போக் 198, 0 அதைக் காலி செய்யும். தற்போதைய விசையை அறிய, நினைவகத்தைப் படிக்கும் பீக்(197) இருந்தது, எதுவும் அழுத்தப்படாவிட்டால் 64 தரும். அதுவும் ஒரு நேரத்தில் ஒரு விசையைத்தான் சொல்லும். இவை எல்லாவற்றிலும் நேர்த்தியாகச் செய்தது பிபிசி மைக்ரோ என்ற கணினி என்பேன். இந்தியப் பள்ளிகளில் 1984-இல் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தின் வழியாக நம்மில் சிலருக்கும் அதன் அறிமுகம் உண்டு. அதில் இன்கீ என்ற சார்புக்கு நேர்ம எண் கொடுத்தால் அத்தனை நூறில் ஒரு பங்கு வினாடி காத்திருந்து பஃபரில் வரும் எழுத்தைத் தரும். எதிர்ம எண் கொடுத்தால் அந்தக் குறிப்பிட்ட விசை இப்போது கீழே இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். இன்கீ(-98) இசட், இன்கீ(-67) எக்ஸ், இன்கீ(-99) ஸ்பேஸ் பார். எழுத்து வேண்டுமா, நிலை வேண்டுமா என்ற கேள்வியை மொழியே கேட்டது. போர்ட்டையும் முகவரியையும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. கியூபேசிக்கில் இறுதிவரை அந்த வசதி வரவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

மறுமொழி 4

மட்டைக்கு இரண்டே திசைகள்தான் என்பதால், 96-ஆம் போர்ட்டின் நுணுக்கங்கள் எதுவும் இல்லாமலே ஒரு வழி இருக்கிறது. ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட் விசைகளின் நிலையை பயாஸ் தானாகவே 1047-ஆம் முகவரியில் பதிந்து வைக்கிறது. டெஃப் செக் = 0 என்று வைத்து பீக்(1047) படித்தால், 1 என்ற பிட் வலது ஷிஃப்ட்டையும், 2 இடது ஷிஃப்ட்டையும், 4 கண்ட்ரோலையும், 8 ஆல்ட்டையும் குறிக்கும். இடது ஷிஃப்ட்டால் இடப்பக்கம், வலது ஷிஃப்ட்டால் வலப்பக்கம், கண்ட்ரோலால் சுடுதல் என்று வைத்தால் மூன்றையும் ஒரே நேரத்தில் அழுத்தலாம். தயக்கம் இருக்காது, பஃபரும் நிரம்பாது, ஏனென்றால் இவ்விசைகள் தனியாக அழுத்தப்படும்போது எழுத்து எதையும் உண்டாக்குவதில்லை.

வேறொரு காரணத்தாலும் இதுவே எனக்கு உகந்தது. மலிவான விசைப்பலகைகளில் அம்பு, ஸ்பேஸ் பார், இன்னோர் எழுத்து என்று மூன்று சாதாரண விசைகளைச் சேர்த்து அழுத்தினால், உள்ளே கம்பிகள் கட்டமாகப் பின்னப்பட்டிருக்கும் விதத்தால் மூன்றாவது பதிவாகாமல் போகலாம். அதை எந்த நிரலாலும் மீட்க முடியாது. ஷிஃப்ட்டும் கண்ட்ரோலும் பெரும்பாலும் அந்தச் சிக்கலுக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கும். டாஸ்பாக்ஸை விண்டோஸில் ஓட்டினால், ஷிஃப்ட்டை ஐந்து முறை அடுத்தடுத்து அழுத்தும்போது ஸ்டிக்கி கீஸ் அறிவிப்பு குறுக்கே வரும்; அதை விண்டோஸ் அமைப்பில் நிறுத்திவையுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அம்பு விசைகளை விட மனமில்லாததால் மறுமொழி 2-இல் உள்ள அணி முறையைச் சேர்த்தேன். மட்டை இப்போது தயங்காமல் ஓடுகிறது, ஓடியபடியே சுடவும் முடிகிறது. ஒன்றே ஒன்று எஞ்சியிருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் அதிக மதிப்பெண் பட்டியலுக்காக இன்புட் மூலம் பெயர் கேட்கிறேன். சில நேரம் பெயர் இடத்தில் முன்கூட்டியே வெற்றிடங்கள் விழுகின்றன. பெயரில் காற்புள்ளி இட்டால் 'ரீடூ ஃப்ரம் ஸ்டார்ட்' என்று மறுபடி கேட்கிறது.

மறுமொழி 5

காற்புள்ளிக்கு விடை எளிது. இன்புட் காற்புள்ளியை அடுத்த மாறிக்கான பிரிப்பாகக் கொள்கிறது. லைன் இன்புட் வரி முழுவதையும் அப்படியே ஒரே சரமாக எடுத்துக்கொள்ளும். இரண்டுமே தட்டச்சுப் பொறி போன்ற டெலிடைப் முனையங்களில் வரி வரியாகப் பேசிய காலத்தின் மரபு என்பதால், பெயரைப் பத்து எழுத்துக்குள் நிறுத்தவோ திரையின் மூலையில் அடங்கச் செய்யவோ அவற்றால் முடியாது. அதற்கு இன்கீ$ வைத்து நீங்களே ஒரு சிறு துணைநிரல் எழுதுவது நல்லது. இன்கீ$ உண்மையில் பொருந்தும் வேலை அதுவே. நீளம் 2 உள்ள சரங்களைப் புறக்கணியுங்கள். மதிப்பு 13 (என்டர்) என்றால் முடித்துவிடுங்கள். 8 (பேக்ஸ்பேஸ்) என்றால், பெயர் காலியாக இல்லாதபோது மட்டும் கடைசி எழுத்தை நீக்கி, திரையிலும் அந்த இடத்தில் ஒரு வெற்றிடத்தை அச்சிடுங்கள். 32 முதல் 126 வரை என்றால், நீளம் எல்லைக்குள் இருக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே விழும் வெற்றிடங்கள், ஆட்டம் முடியும் கணத்தில் ஸ்பேஸ் பாரில் விரல் இருப்பதால் வருபவை. பஃபரை ஒருமுறை காலி செய்தாலும், விரல் இன்னும் அதிலேயே இருந்தால் விசைப்பலகை மீண்டும் நிரப்பிவிடும். ஆகவே பெயர் கேட்குமுன், உங்கள் அணியில் 57-ஆம் இடம் 0 ஆகும்வரை 96-ஆம் போர்ட்டைப் படித்துக்கொண்டே இருந்து, அதன் பிறகு பஃபரைக் காலி செய்யுங்கள். அந்தக் காத்திருப்புச் சுற்றுக்கு டைமர் கொண்டு இரண்டு வினாடி எல்லையும் வைத்துவிடுங்கள். விடுபட்ட குறி தவறிப்போய் விசை அணியில் சிக்கியிருந்தால், நிரல் அங்கேயே நின்றுவிடாமல் இருக்கும்.