மோதி உடைந்த பேட்டுக்கு வாரண்டி கேட்கலாமா?

உச்சிப்புளி ஷட்டில்:
இரண்டு கார்பன் பேட்மிண்டன் பேட், இரண்டுமே 4யூ (80-84 கிராம் எடைப் பிரிவு). முதலாவது மதுரைக் கடையில் வாங்கியது, 3,400 ரூபாய், ஐந்து மாதம் ஆகிறது. இரண்டாவது ஆன்லைனில் 2,900 ரூபாய்க்கு வாங்கியது, மூன்று மாதம். இரண்டுக்கும் பில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டபுள்ஸில் நடுவில் வந்த ஷட்டிலை இருவரும் அடிக்கப் போய் முதல் பேட்டும் ஜோடியின் பேட்டும் மோதிக்கொண்டன. ஃபிரேமைக் கடிகாரமாக நினைத்தால் 2 மணி இருக்கும் இடத்தில், இரண்டு குரோமெட்டுக்கு (நரம்பு நுழையும் ஓட்டையில் இருக்கும் பிளாஸ்டிக் குழாய்) நடுவே பிளவு. இரண்டாவது பேட் எதிலும் மோதவில்லை. ஆனால் தலையைப் பிடித்துத் திருகினால் கைப்பிடியோடு சேராமல் லேசாகத் திரும்புகிறது, ‘டிக்’ என்று சத்தம் வேறு. இரண்டுக்கும் நரம்பு மெஷினில் 25 பவுண்டு இழுவையில் போட்டது. ஃபிரேமில் 28 வரை என்று அச்சடித்திருக்கிறார்கள். “ரெண்டுமே ஆடும்போது தானா உடைஞ்சதுன்னு ஒரே மெயிலா போட்டுவிடு” என்கிறார்கள் கூட ஆடுபவர்கள். அப்படிச் செய்யலாமா?

கீழக்கரை நரம்புக்காரன்:
வேண்டாம் தம்பி. இரண்டையும் ஒரே மெயிலில் போட்டால் கிடைக்க வேண்டியதும் போய்விடும்.

பேட் வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். மோதல், கீழே விழுவது, தரையில் உரசுவது, அச்சடித்த அளவுக்கு மேல் இறுக்குவது, எதற்கும் மாற்றித் தர மாட்டார்கள். பார்த்ததுமே கண்டுபிடித்தும் விடுவார்கள். மோதிய பேட்டில் பிளவுக்கு வெளிப்பக்கம் பெயின்ட் உரிந்து கார்பன் கறுப்பாகத் தெரியும். பல சமயம் ஜோடி பேட்டின் கலரே அங்கே ஒட்டியிருக்கும். 10 மணியிலிருந்து 2 மணி வரை உள்ள வளைவில் பிளவு என்றால் முதல் சந்தேகமே மோதல்தான், உங்களுடையது அங்கேதான் இருக்கிறது. நரம்பு இழுத்ததால் போகும் ஃபிரேம் வேறு மாதிரி. குரோமெட் ஓட்டையைச் சுற்றி உள்பக்கமாக அமுங்கும், வெளிப் பெயின்ட் பெரும்பாலும் முழுசாக இருக்கும்.

இரண்டாவது பேட் வேறு கதை. ஷாஃப்டின் (தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் உள்ள தண்டு) அடிமுனையை கோனுக்குள் (கைப்பிடியின் மேல்முனையில் உள்ள மூடி) விட்டு, கைப்பிடிக் கட்டையில் பசை வைத்து இறக்கியிருப்பார்கள். அந்தப் பசை விட்டால்தான் தலை திரும்பும், டிக் சத்தம் வரும். மூன்று மாதத்தில், அடிபட்ட தடமே இல்லாமல் இப்படி ஆனால் அது நியாயமான கிளெய்ம். தைரியமாகக் கேளுங்கள்.

உடைந்ததற்கு இன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு நரம்பை அறுத்துவிடுங்கள். 22 மெயின் (நீளவாக்கு நரம்பு), ஒவ்வொன்றும் 25 பவுண்டு என்றால் 550 பவுண்டு, கிட்டத்தட்ட 250 கிலோ இழுவை. கிராஸ் (குறுக்கு) நரம்பு தனி. பிளந்த ஃபிரேம் அதைத் தாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாக மடங்கிவிடும். ஓரத்திலிருந்து அறுக்காதீர்கள். நடுவில் மெயின் ஒன்று, கிராஸ் ஒன்று என்று மாற்றி மாற்றி வெளியே வாருங்கள். இரண்டாவது பேட்டில் நரம்பைத் தொடாதீர்கள், வந்த நிலையிலேயே அனுப்பணும்.

மண்டபம் டபுள்ஸ்:
அண்ணன் சொன்னது சரி. மெயில் எப்படிப் போடுவது என்று நான் சொல்கிறேன்.

கடைக்கோ தளத்துக்கோ மட்டும் எழுதினால் “ரிட்டர்ன் நாள் முடிந்தது” என்று பதில் வரும். வாரண்டி கம்பெனி தருவது, அதனால் பேட்டோடு வந்த அட்டையில் உள்ள முகவரிக்கு எழுதி, விற்றவருக்கு நகல் போடுங்கள். மாடல், ஷாஃப்டிலோ கோனிலோ உள்ள சீரியல் எண், பில் தேதி, நரம்பின் பெயர், போட்ட பவுண்டு, குறை என்ன, முதலில் எப்போது தெரிந்தது. இவ்வளவு போதும், பத்து வரிக்கு மேல் போக வேண்டாம். பில்லில் விற்றவரின் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா பாருங்கள். ஹோலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் பிராண்ட் என்றால் அதையும் கிட்டத்தில் படம் எடுங்கள். அங்கீகாரம் இல்லாத விற்பனையாளரிடம் வாங்கியதற்கு வாரண்டி இல்லை என்று சில கம்பெனிகள் அட்டையிலேயே போட்டிருக்கின்றன.

போட்டோவில் குறை தெரியாது, வீடியோ எடுங்கள். ஒருவர் கைப்பிடியை மேசையில் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் தலையை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பணும். கோன் ஓரத்தில் பென்சிலால் ஒரே நேர்கோடாக ஷாஃப்டிலும் கோனிலும் போட்டுவிட்டுத் திருப்பினால், கோடு விலகுவது பளிச்சென்று தெரியும். மேலே சுற்றிய ஓவர்கிரிப்பைக் கழற்றலாம், கம்பெனி கிரிப்பைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் “நீங்களே நோண்டினீர்கள்” என்பார்கள்.

கூரியரில் ஒரு விஷயம். பேட் 67 செ.மீ.க்கு மேல் நீளம். 75 × 25 × 8 செ.மீ. பெட்டி என்றால், பெட்டியின் அளவைப் பெருக்கி 5000-ஆல் வகுத்து எடை போடும் கூரியர் கணக்கில் 3 கிலோ. பேட் 85 கிராம்தான் என்று வாதாடிப் பயனில்லை. உயரத்தை 4 செ.மீ. ஆக்கினால் பாதிக் காசு. கம்பெனி அனுப்பச் சொல்லி எழுத்தில் பதில் வந்த பிறகே அனுப்புங்கள், போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதையும் அதிலேயே கேளுங்கள்.

உச்சிப்புளி ஷட்டில்:
நன்றி அண்ணே. கடல் காற்று ஈரத்தால் பசை விட்டது, அது பராமரிப்புக் குறை என்று சொல்லித் தட்டிக்கழித்தால்?

கீழக்கரை நரம்புக்காரன்:
சொல்லலாம். நம்ம பக்கம் ஈரம், வியர்வை இரண்டும் சேர்ந்து கிரிப்புக்கு அடியில் கட்டை ஊறுவது உண்மைதான். ஆனால் அதற்கு அடையாளம் உண்டு: கட்டை கறுத்திருக்கும், நாற்றம் வரும், கைப்பிடியே உப்பி கோன் விளிம்பில் இடைவெளி விழும். மூன்று மாதத்தில் அந்த அளவு போகாது. கோன் விளிம்பு இடைவெளி இல்லாமல் இருப்பதையும் வீடியோவில் காட்டிவிடுங்கள், அந்த வாதம் அடிபட்டுவிடும். உப்புக் காற்றில் துருப்பிடிப்பது இரும்பு ஷாஃப்ட் வைத்து இரண்டிரண்டாக விற்கும் பேட்டுகள்தான், கார்பனுக்கு அது இல்லை. கார்பனுக்கு எதிரி வெயிலில் நிற்கும் காருக்குள் கிடப்பது.

ராம்நாடு நுகர்வோர்:
மறுத்துவிட்டால் என்ன வழி என்று யாரும் சொல்லவில்லை.

ஆன்லைனில் வாங்கியது என்பதால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புகை தரணும், ஒரு மாதத்தில் தீர்க்கணும். நடக்கவில்லையா, 1915-க்கு அழைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள். காசில்லை. இந்தத் தொகைக்கு பெரும்பாலும் இந்தப் படியிலேயே பதில் வரும்.

அதற்கும் மேலே என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஊருக்கு ஓட வேண்டாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை, இரண்டு வருடத்துக்குள் போடணும். ஆனால் சோதனை செய்துதான் குறையை நிரூபிக்க முடியும் என்றால் ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பும், அந்தக் கட்டணத்தை புகார்தாரரைக் கட்டச் சொல்லலாம். 2,900 ரூபாய்க்கு அது தேவையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மோதி உடைந்த பேட்டுக்கு இந்த வழி எதுவும் கிடையாது.

கீழக்கரை நரம்புக்காரன்:
அதைக் குப்பையில் போட வேண்டாம். பிளவில் கார்பன் துணி சுற்றி எபாக்ஸி வைத்து ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று கிராம் தலையில் ஏறும், ஸ்மாஷுக்குப் பரவாயில்லை, டிரைவ் ஆட்டத்தில் (வலையை ஒட்டி நேராக வேகமாக அடிப்பது) கை தாமதமாகும். ஒட்டிய பிறகு 20, 21 பவுண்டுக்கு மேல் போடாதீர்கள். பிளவு குரோமெட் ஓட்டைக்குள்ளே ஓடியிருந்தால் மட்டும் காசை வீணாக்க வேண்டாம், மறுபடி நரம்பு இழுக்கும்போதே விட்டுவிடும்.