பழைய ஃபேக்ஸ் பக்கங்களை சோனி ரீடரில் படிக்க உதவுங்கள்

வணக்கம். மண்ணடியில் அப்பா நடத்திய கிளியரிங் ஏஜென்சிக்கு வந்த ஃபேக்ஸ்களை டிஃப் (TIFF) படக் கோப்புகளாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். அவற்றை எல்ஆர்எஃப் (சோனி ரீடரின் மின்னூல் வடிவம்) ஆக்கி, அவருடைய சோனி பிஆர்எஸ்-505 ரீடரில் ஏற்ற வேண்டும். (டேப்லெட் என்றால் கண் கூசுகிறதாம்!)

பக்கங்களை பிஎன்ஜி படங்களாகப் பிரித்து, சிபிஇசட் என்ற படத்தொகுப்புக் கோப்பாகக் கட்டி, காலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் கொடுத்தால் எல்ஆர்எஃப் வருகிறது. ஆனால் எழுத்தெல்லாம் சப்பை. சாதாரணத் தர ஃபேக்ஸில் அங்குலத்துக்குக் குறுக்கே 204 புள்ளி, நெடுக்கே 98தான். சரி, உயரத்தை இரட்டிப்பாக்கலாம். ஆனால் நெடுக்கே 196 உள்ள ஃபைன் (உயர்தர) பக்கங்களும் அதே கோப்பில் கலந்து கிடக்கின்றன. பிரித்தறிந்து மொத்தமாகச் சரிசெய்யும் இமேஜ்மேஜிக் (படங்களை மாற்றியமைக்கும் மென்பொருள்) ஸ்கிரிப்ட் யாரிடமாவது இருக்கிறதா?

அப்புறம், 1728 புள்ளி அகலம் 600 புள்ளித் திரைக்குச் சுருங்கும்போது எழுத்து உடைகிறது. கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற மென்பொருள் சின்னத் திரைக்கேற்ப வரிகளை வெட்டி அடுக்குமே, ஃபேக்ஸ் அழுக்குப் புள்ளிகளை அது சமாளிக்குமா? ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தை உரையாக்குவது) வேண்டாம், கையெழுத்தும் சீலும் அப்படியே தெரிய வேண்டும்.