நம்ம வீட்டு குரூப்: டென்னிஸ்ல மர ராக்கெட்டா, கிராஃபைட்டா?

நிலா: (படம்)

நிலா: பெரியப்பா, உங்க மர ராக்கெட் மேல என்னோடதை வெச்சுப் படம் எடுத்தேன். உங்க ராக்கெட்டோட ஹெட், அதான் பந்தை அடிக்கிற வட்டம், என்னோடதுக்குள்ள முழுசா அடங்கிடுது. இவ்வளவு சின்னதுல எப்படி விளையாடினீங்க?

சுந்தர்: அது டன்லப் மேக்ஸ்பிளை ஃபோர்ட்டும்மா. 1931லயே வந்த மாடல். பெரிய சாம்பியன் ராட் லேவர் கையில இருந்தது அதுதான். மெக்கன்ரோ 1981ல விம்பிள்டன் ஜெயிச்சதும் அதுலதான். கையில தூக்கிப் பாத்தியா?

நிலா: சமையல் தராசுலயே வெச்சுப் பாத்துட்டேன். 385 கிராம்! என்னோடது கட்டோட, அதான் குறுக்கும் நெடுக்குமா பின்னியிருக்கிற நரம்போட சேர்த்து 300 சொச்சம்தான்.

சுந்தர்: ஆஷ், பீச் மரத்தை மெல்லிசா சீவி, பட்டை பட்டையா ஒட்டி வளைச்சது. ஹெட் 65, 70 சதுர இன்ச்தான் வரும். அதுக்கு மேல பெருசாக்கினா கட் இழுக்கிற இழுப்புக்கு மரம் தாங்காது. அதனாலதான் விளையாடி முடிச்சதும் ப்ரெஸ்ல மாட்டி நாலு திருகையும் இறுக்கி வைப்போம். மெட்ராஸ் ஈரக் காத்துல சும்மா விட்டா முறுக்கிக்கும்.

ராஜி: அலமாரி மேல திருகு வெச்ச சட்டம் ஒண்ணு இருக்கே, அதுவா மாமா?

சுந்தர்: அதேதான் ராஜி. தூக்கிப் போட்டுடாதே.

மீனா: அண்ணா அந்த ப்ரெஸ்ஸைத் தொட்டா எங்களுக்கு அடி விழும், அவ்வளவு பத்திரம் 😄

கார்த்தி: இப்பத்தான் ஆபீஸ்ல இருந்து வந்தேன். நிலா, உன்னோடது 100 சதுர இன்ச். அப்பாவோடதை விட கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பரப்பு.

நிலா: அப்போ என்னோடதுல ஒன்றரை மடங்கு வேகமா போகுமா?

கார்த்தி: எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. 1997ல ஒரு டென்னிஸ் பத்திரிகை மார்க் ஃபிலிப்பூசிஸை சர்வ் போட வெச்சு அளந்தாங்க. அந்த நாள்ல உலகத்துலயே வேகமான சர்வ் போட்டவர்கள்ல ஒருத்தர். அவரோட சொந்த கிராஃபைட் (கார்பன் இழை) ராக்கெட்ல சராசரி மணிக்கு 124 மைல். மர ராக்கெட்டைக் கொடுத்தா 122 மைல்.

நிலா: ரெண்டே மைல்தானா?

கார்த்தி: ரெண்டே மைல்தான். சர்வ்ல பந்து நம்ம கையில இருந்து நின்னு நிதானமா மேல போகுது. நல்ல ஆளு நடு கட்டுலயே அடிச்சிடுவார். நடுவுல பட்டா மரமும் நல்லா தள்ளும். வித்தியாசமே நடுவை விட்டு விலகும்போதுதான் தெரியும்.

கார்த்தி: ஓரத்துல பட்டா ராக்கெட் கைக்குள்ள திரும்பும் இல்ல? அகலமான ஹெட்ல பிரேமோட கனம் நடுக்கோட்டுல இருந்து தள்ளி இருக்கு. அந்தத் தூரம் ரெண்டு மடங்கானா திரும்பாம நிக்கிற பலம் நாலு மடங்கு. அதனால நீ ரெண்டு விரல் தள்ளி அடிச்சாலும் பந்து கோர்ட்டுக்குள்ள விழுது. அப்பா ராக்கெட்ல அதே அடி நெட்டுக்குப் போயிடும்.

சுந்தர்: நெட்டுக்குக் கூடப் போகாது, பக்கத்து கோர்ட்டுக்குப் போகும். அதனாலதான் எங்க காலத்து ஆட்டமே வேற மாதிரி இருந்தது. ராமநாதன் கிருஷ்ணன் 1960லயும் 61லயும் விம்பிள்டன் அரையிறுதி வரைக்கும் போனாரே, பலத்துல போகல. பந்தை எங்க வைக்கணுமோ அங்க வெச்சார். விஜய் அமிர்தராஜ் 1973 யு.எஸ். ஓபன்ல லேவரையே தோற்கடிச்சார். அதுவும் மர ராக்கெட் காலம்தான். வீச்சு சின்னதா, உடம்பு முன்னால சாஞ்சு, பந்து மேல கண்ணு. ராக்கெட் மன்னிக்காது, அதனால நாங்க ஒழுங்கா அடிச்சோம்.

மீனா: அப்போ போர்க்? அவர் மர ராக்கெட்ல பந்தை முன்பக்கமா சுத்த விட்டு டாப்ஸ்பின் போட்டே 76ல இருந்து 80 வரைக்கும் அஞ்சு விம்பிள்டன் ஜெயிச்சாரே. எங்க ஹாஸ்டல்ல அவர் படம் ஒட்டாத ரூமே கிடையாது.

கார்த்தி: நல்ல கேள்வி அத்தை. சின்ன ஹெட்ல டாப்ஸ்பின் முடியாதுன்னு இல்ல. கீழ இருந்து மேல வழிச்சு அடிக்கும்போது பந்து கடந்து போற இடம் குறுகல், கொஞ்சம் தப்பினா பிரேம்ல இடிக்கும். போர்க்குக்கு இடிக்கல, அந்தக் கணிப்பு அவருக்கு இருந்தது. தன்னோட டோனே ராக்கெட்ல 80 பவுண்டு அளவுக்கு இறுக்கிக் கட் போடுவார். கிளப்ல விளையாடுற நாலு பேர் அதைப் பாத்து அதே மாதிரி ஆட முடியாது. இப்போ பதினாலு வயசுப் பொண்ணு, நம்ம நிலாவே போடுறா.

மீனா: அவர் 91ல திரும்ப வந்தப்போ அழுகையே வந்துடுச்சு. மான்டி கார்லோல அதே மர ராக்கெட்டோட நின்னார். எதிர்ல ஜோர்டி அரேசே. ரெண்டே செட், 6-2, 6-3. அதே ஆளு, அதே ராக்கெட், ஆட்டம் மட்டும் எங்கயோ போயிடுச்சு.

சுந்தர்: ஆட்டத்தைக் கொண்டு போனது ஹோவர்ட் ஹெட். பனிச்சறுக்குப் பலகை செஞ்சு பேர் வாங்கினவர். வயசான காலத்துல டென்னிஸ் கத்துக்க வந்தார். சரியா அடிக்க வரல. ராக்கெட் கையில திரும்புறதுதான் காரணம்னு கண்டுபிடிச்சு, 1976ல பிரின்ஸ் கம்பெனிக்காக 110 சதுர இன்ச்ல அலுமினிய ராக்கெட் கொண்டு வந்தார். எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டே வருஷத்துல பேம் ஷ்ரைவர், 16 வயசு, அதை வெச்சுக்கிட்டு யு.எஸ். ஓபன் ஃபைனல் வரைக்கும் போனா. அதோட சிரிப்பு நின்னுச்சு.

சுந்தர்: அதுக்கு முன்னாடியே 1967ல இரும்பு ராக்கெட் வந்துடுச்சு, வில்சன் டி2000. கானர்ஸ் விடாம வெச்சிருந்தார். ஆனா அது எல்லாருக்கும் சரியா அமையல.

நிலா: மர ராக்கெட்ல கடைசியா ஜெயிச்சது யாரு?

சுந்தர்: ஆண்கள் கிராண்ட்ஸ்லாம்ல யானிக் நோவா. 1983 பிரெஞ்சு ஓபன். அதுக்கப்புறம் கிராஃபைட் காலம்தான்.

கார்த்தி: ஆனா கிராஃபைட் வந்தவுடனே இன்னிக்கு இருக்கிற ஆட்டம் வந்துடல. சாம்ப்ராஸ் கடைசி வரைக்கும் 85 சதுர இன்ச் ப்ரோ ஸ்டாஃப்தான் வெச்சிருந்தார். சாமான் புதுசு, ஆட்டம் பழசு. பெரிய மாற்றம் கட்டுல வந்தது. 1997 பிரெஞ்சு ஓபன்ல குவெர்டன் பாலியஸ்டர் கட் போட்டு ஜெயிச்சார். அந்தக் கட் வழுக்கும். பந்து பட்டதும் பக்கவாட்டுல நகர்ந்து, சட்டுனு பழைய இடத்துக்கு வரும்போது பந்தைச் சுத்தி விடும். எவ்வளவு பலமா வீசினாலும் பந்து கோட்டுக்கு முன்னாடியே இறங்குது. நடால் போர்ஹேண்ட்ல பந்து நிமிஷத்துக்கு சராசரியா 3200 சுத்து சுத்துதுன்னு அளந்திருக்காங்க. சாம்ப்ராஸுக்கு 1800 சுமார்தான்.

சுந்தர்: சுத்தற கட்டுன்னா 1977ஐ மறந்துடாதே. ஸ்பெகட்டி ராக்கெட்! ரெண்டு அடுக்கா கட் போட்டு, நடுவுல குழாய் எல்லாம் கோத்து. நஸ்டாசே அதை வெச்சுக்கிட்டு விலாஸ்கூட ஃபைனல் ஆடினார். விலாஸ் அப்போ 46 ஆட்டமா தோக்கவே இல்ல. ரெண்டு செட் போனதும் இது டென்னிஸே இல்லன்னு கோர்ட்டை விட்டுப் போயிட்டார். அது வரைக்கும் ராக்கெட்னா எப்படி இருக்கணும்னு சட்டமே கிடையாது. 1978லதான் எழுதினாங்க.

நிலா: சட்டமே இல்லாமலா இவ்வளவு வருஷம் விளையாடினாங்க!

கார்த்தி: மரம் இருந்த வரைக்கும் தேவைப்படல. மரமே எல்லை போட்டுடுச்சு. இப்போ சட்டம் இருக்கு, ராக்கெட் 29 இன்ச் நீளத்துக்கு மேல போகக் கூடாது.

சுந்தர்: புதுசு மட்டம்னு நான் சொல்ல மாட்டேன். குழந்தை ஒரு வாரத்துல பந்தைத் திருப்பி அடிக்கிறா, அது பெரிய விஷயம். ஃபெடரரே 90 சதுர இன்ச் ஹெட்ல இருந்து 2014ல 97 சதுர இன்ச்சுக்கு மாறினார். ஆனா நெட்டுக்கு வந்து, பந்து தரையில படுறதுக்கு முன்னாடியே அடிக்கிற வாலி போடுற கலை குறைஞ்சதுல எனக்கு வருத்தம் உண்டு. நெட்டுக்கு ஓடி வர்றவனை இந்த டாப்ஸ்பின் காலடியிலயே விழுந்து கொன்னுடுது. ரமேஷ் கிருஷ்ணன் ஆட்டத்தை நேர்ல பாத்தவங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு புரியும்.

ராஜி: மாமா, கார்த்தி, எனக்கு ஒரு விஷயம் சொல்லுங்க. நிலாவுக்கு ரெண்டு வாரமா முழங்கை வலி. மர ராக்கெட் மெதுவா வளைஞ்சு குடுக்கும்னு சொல்றாங்களே, அதுல விளையாடினா நல்லதா?

கார்த்தி: சித்தி, மரம் அதிர்ச்சியை வாங்கிக்கும், உண்மைதான். ஆனா அந்தக் கனத்தை ஒரு மணி நேரம் வீசினா தோள்பட்டை போயிடும். இவ ராக்கெட்ல என்ன கட் போட்டிருக்கு?

நிலா: பாலி. 56 பவுண்டு. எங்க பேட்ச்ல எல்லாரும் அதுதான்.

கார்த்தி: அதை முதல்ல அறுத்துடு. விறைப்பான பிரேம், அதுல விறைப்பான கட், அதையும் இறுக்கி. உன் வயசுல கட்டை அறுக்கிற அளவுக்கு இன்னும் பலமா அடிக்கல, பாலி உனக்குத் தேவையே இல்ல. கடையில மல்ட்டிஃபிலமென்ட் நைலான் கேளு, பல மெல்லிய இழை சேர்ந்த கட், 50 பவுண்டு. சித்தி, வலி நிக்கிற வரைக்கும் சர்வ் வேண்டாம், டாக்டரையும் ஒரு தடவை பாத்துடுங்க.

ராஜி: நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்.

சுந்தர்: கை சரியானதும் மர ராக்கெட்டோட ஒரு கால் மணி நேரம் போதும் நிலா. நெட்டை ஒட்டின கட்டம் இருக்கே, அந்த சர்வீஸ் பாக்ஸுக்குள்ளயே நின்னு மெதுவா தட்டு. வீசாதே. பந்து எங்க பட்டுதுன்னு கை உடனே சொல்லிடும். அதுக்கு மேல அதுல விளையாட வேண்டாம்.

நிலா: அதுல இருக்கிற கட்டுலயே விளையாடலாமா?

சுந்தர்: வேண்டாம், காஞ்சு போயிருக்கும், ரெண்டு அடியில அறுந்துடும். கட் போடுறவர்கிட்ட மரம்னு முதல்லயே சொல்லிடு. நைலானே போதும், 45 பவுண்டுக்கு மேல இழுக்க வேண்டாம். மிஷின்ல பிரேமைச் சுத்திலும் தாங்கிப் பிடிச்சு போடச் சொல்லு. ரெண்டு இடத்துல மட்டும் மாட்டி இழுத்தா விரிசல் விட்டுடும்.

நிலா: சரி பெரியப்பா. கடையில நின்னு போன் பண்றேன், நீங்களே அவர்கிட்ட பேசிடுங்க.