தண்ணீர் குடித்தால் புரையேறுது, கஞ்சி மட்டும் இறங்குது. ஏன்?

பெரம்பூர்வாசி: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு இப்படி. ரசம் சாதம் தரலாமா?

பதில் 1: வேண்டாங்க. தண்ணி வேகமா ஓடி, குரல்வளை மூடுறதுக்குள்ள மூச்சுக்குழாய்க்குப் போயிடும். ரசம் சாதத்துல சோறு வாயில நிக்கும், ரசம் முந்திக்கும். சாம்பார் இட்லியும் அதே கதைதான். நீர் பிரியாத, குழைச்ச தயிர்சாதம் பரவாயில்லை.

பதில் 2: குடிக்கக் கொடுக்கிறதோட கெட்டியை அளக்க, ஐடிடிஎஸ்ஐ (விழுங்கச் சிரமப்படுறவங்களுக்கான உணவு, பானத்தோட கெட்டியை வகைப்படுத்துற சர்வதேச முறை) சோதனைக்கான 10 மி.லி. சிரிஞ்சை நிரப்பி 10 விநாடி ஒழுக விடுங்க. 1–4 மி.லி. மிஞ்சினா லேசான கெட்டி, 4–8 இன்னும் கொஞ்சம், 8க்கு மேல நல்ல கெட்டி. கஞ்சியை நம்பாதீங்க: ஆறினா இறுகும், எச்சில்ல இருக்கிற, மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸ் நொதி பட்டா நீர்த்துடும். கெட்டியாக்கச் சேர்க்கிற சாந்தன் கோந்து அப்படி நீர்க்காது.

பதில் 3: அளவுக்கு மீறிக் கெட்டியானா தொண்டையில தங்கும், உணவுக்குழாயும் கூடுதலா அழுத்தித் தள்ளணும். எந்தக் கெட்டின்னு ஸ்பீச் தெரபிஸ்ட்தான் (பேச்சோட விழுங்குறதையும் பார்க்கிற சிகிச்சையாளர்) சொல்லணும். இருமலே வராம நுரையீரலுக்குப் போறதும் உண்டு.